கயலுக்கு, ரத்தக் கணக்கைப் பற்றி

லண்டன்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய குரல் செய்தியை ஓபி கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சிக்கிள் செல் பிள்ளைகளில் யாருக்குப் பக்கவாதம் வரும் என்று ரத்தத்தில் ஏதோ புரதத்தை அளந்தே சொல்லிவிடலாமாமே சித்தி, நம் கூடலூர்ப் பிள்ளைகளுக்கும் எடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி சொல்வேன், பாதியை மறந்துவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் பதில்: அனுப்பாதே. அந்தப் பணத்தை வேறு இடத்தில் போடு. எங்கே, ஏன் என்பதுதான் மீதிக் கடிதம். நீளும். டூட்டி முடிந்து சாப்பிட்டுவிட்டுப் படி.

பக்கவாதம் என்றால் ஊரில் எல்லோருக்கும் தாத்தா பாட்டிதான் நினைவுக்கு வருவார்கள். இந்த நோயில் அது பால் பல் விழுவதற்கு முன்பே வரலாம். 1978-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய கூட்டாய்வு தொடங்கி, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சிக்கிள் செல் நோயாளிகளைப் பல வருஷம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். அதன் கணக்கை 1998-ல் ஓஹீன்-ஃப்ரெம்பாங் குழு வெளியிட்டது. பெற்றோர் இருவரிடமிருந்தும் சிக்கிள் மரபணு பெற்ற எஸ்எஸ் வகை நோயாளிகளில் 20 வயதுக்குள் 100-க்கு 11 பேருக்குப் பக்கவாதம். ரத்தக்குழாய் அடைத்து வருவது 2 முதல் 9 வயதுக்குள் அதிகம். குழாய் உடைந்து ரத்தம் கசிவது இருபதுகளில் அதிகம். கை கால் எதுவும் இழுக்காமல், எம்ஆர்ஐ எடுத்தால் மட்டும் தெரிகிற சிறு அடைப்புகள் வேறு. அவை 14 வயதுக்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் இருக்கின்றன. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று மந்தமாகிவிட்டது என்று டீச்சர் சொன்னால் அதை நோய்க்குறியாகவே எடுத்துக்கொள்.

அதே கூட்டாய்வு, யாருக்கு ஆபத்து கூடுதல் என்பதையும் சொன்னது. அடைப்பு வகைக்கு: பிள்ளை நன்றாக இருக்கும் நாளிலேயே ஹீமோகுளோபின் குறைவாக இருப்பது, சமீபத்தில் நெஞ்சுச் சிக்கல் வந்திருப்பது, மேல் ரத்த அழுத்தம் கூடியிருப்பது, ஏற்கெனவே சில நிமிஷம் கை கால் மரத்துத் தானாகச் சரியானது. கசிவு வகைக்கு: குறைந்த ஹீமோகுளோபினும் கூடிய வெள்ளை அணுவும். கவனி, இதில் புதுப் புரதம் ஒன்றும் இல்லை. உன் லேபில் தினமும் அச்சாகி வரும் சிபிசி தாளில் இருப்பவைதான்.

ஹீமோகுளோபின் குறைந்தால் மூளைக்கு என்ன ஆகிறது என்று ஒரு நிமிஷம் யோசி. ஒவ்வொரு மில்லி ரத்தமும் குறைவான ஆக்ஸிஜனைத்தான் சுமக்கிறது. மூளை பட்டினி கிடக்காது. கூடுதல் ரத்தத்தை இழுத்துக்கொள்கிறது. அதனால் இந்தப் பிள்ளைகளுக்கு மூளைக்குப் போகும் ஓட்டம் எப்போதுமே வேகமாக இருக்கும். கையிருப்பை முன்கூட்டியே செலவழித்துவிட்டதால், ஒரு காய்ச்சலோ நிமோனியாவோ வந்தால் இன்னும் கூட்ட வழியில்லை. இதற்கிடையே உடைந்த சிவப்பணுக்களிலிருந்து வெளியே கொட்டிய ஹீமோகுளோபின், குழாயைத் தளர்த்தி வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்ஸைடைத் தின்றுவிடுகிறது. குழாயின் உள்சுவர் கரடுமுரடாகித் தடிக்கிறது. கழுத்திலிருந்து ஏறும் பெரிய தமனி மூளைக்குள் நுழைந்து கிளை பிரியும் இடத்தில்தான் இது முதலில் நடக்கிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுகிற மாதிரி, குறுகிய இடத்தில் ரத்தம் இன்னும் வேகமாகப் பாய்கிறது.

அந்த வேகத்தை மண்டையோட்டுக்கு வெளியிலிருந்தே ஒலி அலையால் அளப்பதுதான் டிசிடி. ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா என்ற ஊரில் ராபர்ட் ஆடம்ஸ் என்ற நரம்பியல் டாக்டர் இதைப் பிள்ளைகளிடம் செய்து பார்த்து, 1992-ல் வெளியிட்டார். பெரும்பாலும் வேகம் கூடினவர்களுக்குத்தான் பக்கவாதம் வந்தது. பிறகு ‘ஸ்டாப்’ ஆய்வு. நொடிக்கு 200 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்த 130 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றினார்கள். ஏற்றாத பக்கம் 11 பேருக்குப் பக்கவாதம். ஏற்றிய பக்கம் ஒரே ஒருவருக்கு. ஆய்வை முன்கூட்டியே நிறுத்தி, எல்லோருக்கும் ரத்தம் ஏற்றச் சொல்லிவிட்டார்கள். 170-க்குக் கீழே நார்மல், 170 முதல் 199 வரை கண் வைத்திருக்க வேண்டியது, 200 என்றால் உடனே வேலை செய்ய வேண்டியது. 2 வயதிலிருந்து 16 வயது வரை வருஷம் ஒரு தரம் எடுக்க வேண்டும் என்பது இன்றைக்கும் மாறாத விதி.

இங்கே எங்கள் கிளினிக்கில் அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், உனக்குப் பிறகு உதவும். பிள்ளையைப் படுக்க வைத்துக் காதுக்கு முன்னால், பொட்டில் ஜெல் தடவி ப்ரோபை வைப்பார்கள். அழக்கூடாது, அழுது மூச்சு வாங்கினால் கார்பன் டை ஆக்ஸைடு இறங்கி வேகம் குறைந்துவிடும். தூங்கவும் கூடாது, தூங்கினால் அது ஏறி வேகம் கூடிவிடும். காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு எடுக்கவே மாட்டோம். அதனால் டெக்னீஷியன் ஒரு கையில் ப்ரோபும், பாதிக் கண் பிள்ளைக்குப் போட்ட கார்ட்டூனிலுமாக இருப்பார். கண் சொருகுகிற பையனிடம் “அந்த நாய் இப்போ எங்கே போச்சு?” என்று கேட்டு எழுப்பிவிடுவார். பதில் சொல்கிற சத்தத்தில் அலை கலைந்துவிடும். திரும்பப் பிடிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ படித்தது பிடிஎன்எஃப், பிடிஜிஎஃப்-ஏஏ என்ற இரண்டு புரதங்களைப் பற்றி என்று நினைக்கிறேன். ‘ஸ்டாப்’ ஆய்வுப் பிள்ளைகளின் பத்திரப்படுத்திய பிளாஸ்மாவை எடுத்து, ஹயசிந்த் என்ற ஆய்வாளரும் ஆடம்ஸும் மற்றவர்களும் அளந்து 2012-ல் எழுதினார்கள். டிசிடி வேகம் கூடியவர்களிடமும், பின்னால் பக்கவாதம் வந்தவர்களிடமும் இவற்றின் அளவு கூடியிருந்தது. முதலாவது நரம்புச் செல்களைக் காப்பது. இரண்டாவது ரத்தக்குழாய்ச் சுவர் வளரத் தூண்டுவது. மூளை ஆக்ஸிஜனுக்குத் தவிக்கிறது, குழாய் தடிக்கிறது என்ற கதையோடு அழகாகப் பொருந்துகிறது. நல்ல ஆராய்ச்சி. ஆனால் அந்தக் கணக்கு கூட்டத்தைப் பற்றியது. ஒரு கூட்டத்தின் சராசரி இன்னொன்றைவிட உயர்ந்திருப்பது ஒரு விஷயம். உன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளையின் அம்மாவிடம் “உன் பிள்ளைக்கு வரும்” என்றோ “வராது” என்றோ சொல்வது வேறு விஷயம். இரண்டு கூட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் அந்த நடுப்பகுதியில்தான் உன் பெரும்பாலான பிள்ளைகள் இருப்பார்கள்.

இன்னொரு சங்கடம் உன் மலைப்பாதை. இந்த இரண்டு புரதமும் தட்டணுக்களுக்குள் நிறைய அடைபட்டிருப்பவை. டியூபில் ரத்தம் உறைந்தாலோ, பிளாஸ்மாவைப் பிரிக்கத் தாமதமானாலோ, தட்டணு தன்னிடம் இருப்பதைக் கொட்டிவிடும். கூடலூரிலிருந்து கோயம்புத்தூருக்கு ஜீப்பிலும் பஸ்ஸிலும் குலுங்கிப் போய்ச் சேரும் டியூபில் நீ அளப்பது பிள்ளையின் மூளையையா, மலைப்பாதையின் வளைவுகளையா?

இதே துறையில் ஒரு பாடம் முன்பே நடந்திருக்கிறது. 2000-ல், ஒரு வயதுக்கு முன் கை கால் விரல்கள் வீங்குவது, இரண்டாம் வயதில் ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போவது, தொற்று இல்லாமலே வெள்ளை அணு கூடுவது ஆகிய மூன்றையும் வைத்துப் பின்னாளில் யாருக்கு மோசமாகும் என்று முன்கூட்டியே சொல்லலாம் என ஒரு நல்ல கட்டுரை வந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. டாலஸ் நகரத்தில் பிறந்த பிள்ளைகளிடம் 2008-ல் அதைப் பொருத்திப் பார்த்தார்கள், சரியாகப் பொருந்தவில்லை. பிரான்சில் கிரெத்தேய் குழு, ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு டிசிடி வேகம் கூடுகிறது என்று கண்டது. வேறு சில இடங்களில் அந்தத் தொடர்பு நிற்கவில்லை. ஒரு கூட்டத்தில் உண்மையான அடையாளம் இன்னொரு கூட்டத்தில் அப்படியே நடக்கும் என்று நம்பக் கூடாது.

உன் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். இந்தியாவில் சிக்கிள் செல் இருப்பதைச் சொன்ன முதல் பதிவுகளில் ஒன்றே உன் நீலகிரியிலிருந்துதான். 1952-ல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் அங்கே வந்து பணியர், இருளர், குறும்பர் பழங்குடிகளின் ரத்தத்தில் அதைப் பார்த்து எழுதினார்கள். உங்கள் பிள்ளைகளிடம் இருப்பது அரபு-இந்திய வகை மரபு. அதில் கருக்கால ஹீமோகுளோபின், அந்த ஹெச்பிஎஃப், பிறந்த பிறகும் தாராளமாகத் தங்குகிறது; 20 சதவீதத்தை ஒட்டிக்கூட இருக்கும். அது இருக்கும்வரை சிவப்பணு எளிதில் அரிவாள் போல் வளையாது. கைக்குழந்தைகளுக்கு நோய் தெரியாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம் என்று 1948-லேயே புரூக்ளினில் ஜேனட் வாட்சன் சொல்லிவிட்டார். போதாததற்கு நம் பழங்குடி மக்களிடம் ஆல்ஃபா தலசீமியாவும் பரவலாக இருக்கிறது. அதுவும் செல் உடைவதைக் குறைத்துப் பக்கவாதத்திலிருந்து ஓரளவு காப்பாற்றுகிறது. ஆகவே அமெரிக்கப் பிள்ளைகளைவிட அங்கே பக்கவாதம் குறைவு. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. நாக்பூரிலும் ஒடிசாவிலும் டாக்டர்கள் அதைப் பார்த்துத்தான் இருக்கிறார்கள். அமெரிக்கப் பிள்ளையின் ரத்தத்தில் கண்ட ஒரு புரத எல்லைக்கோட்டை எடுத்து வந்து பணியர் பிள்ளையின் தலையில் வைக்காதே என்றுதான் சொல்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? கையில் இருப்பதை ஒழுங்காகச் செய்.

முதலில், ரத்தம் எடுக்கும் நாள். வலி வந்து படுத்திருக்கும்போது, காய்ச்சலில், ரத்தம் ஏற்றி மூன்று மாதம் ஆவதற்குள் எடுத்த கணக்கு எதற்கும் உதவாது. விளையாடிக்கொண்டு வருகிற நாளில் எடு. அதுதான் அந்தப் பிள்ளையின் சொந்த எண். அதற்கு ஒரு நோட்டு போடு. பிள்ளைக்கு ஒரு பக்கம், வருஷத்துக்கு ஒரு வரி. ஹீமோகுளோபின், வெள்ளை அணு, ரெட்டிக் (புதிதாகப் பிறந்த சிவப்பணுக்கள்), எம்சிவி (சிவப்பணுவின் பருமன்), எல்டிஹெச் (செல் உடைந்தால் ஏறுவது), ஹெச்பிஎஃப், விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிஜன் அளவு, ரத்த அழுத்தம். ஆக்ஸிஜனை விட்டுவிடாதே. தூக்கத்தில் அது குறையும் பிள்ளைகளுக்கு மூளைச் சிக்கல் கூடுதல் என்று இங்கே லண்டனில் ஃபெனல்லா கர்க்கம் குழு 2001-ல் காட்டியது. குறட்டை விடுகிறதா என்று அம்மாவிடம் கேள்.

அடுத்தது, எண்ணை நம்புவதற்கு முன் சோதி. இந்தப் பிள்ளைகளின் ரத்தத்தில் உட்கரு உள்ள இளம் சிவப்பணுக்கள் சுற்றும். மெஷின் அவற்றையும் வெள்ளை அணு என்று எண்ணிவிடும். 22,000 என்று தாள் சொன்னால் பயப்படுவதற்கு முன் ஸ்மியர் போட்டு, கண்ணால் எண்ணிக் கழிக்கச் சொல். எல்டிஹெச் கூடியிருந்தால் ஊசியில் இழுக்கும்போதே ரத்தம் உடைந்ததா என்று பார்; டியூபின் மேல் சீரம் சிவந்திருந்தால் அந்த முடிவைக் குப்பையில் போடு. ரெட்டிக்கை மட்டும் எப்போதும் மதி. எலும்பு மஜ்ஜை எவ்வளவு ஓடுகிறது என்று அது சொல்லும். கைக்குழந்தையிலேயே ரெட்டிக் கூடியவர்களுக்குப் பின்னால் ஆபத்து அதிகம் என்று அந்தப் பழைய கூட்டாய்வுத் தரவை மறுபடி புரட்டியவர்கள் கண்டிருக்கிறார்கள். உன் லேப் அண்ணனை உட்காரவைத்து இதையெல்லாம் பொறுமையாகப் பேசு, அதிகாரம் செய்யாதே. நல்ல டெக்னீஷியன் கிடைப்பது டாக்டர் கிடைப்பதைவிடக் கஷ்டம்.

பிறகு, டிசிடி. அதற்கென்று தனி மெஷின் வேண்டும் என்று யாராவது சொன்னால் மலைத்துப்போகாதே. எக்கோ பார்க்கும் ப்ரோபைக் கொண்டே படத்தோடு எடுக்கலாம். அப்படி எடுத்தால் எண் சற்றுக் குறைவாக வரும். 200-க்குப் பதில் 185-ஐயே எல்லையாக வைத்துக்கொள்வது வழக்கம். ஊட்டியிலோ கோழிக்கோட்டிலோ பழகிய ரேடியாலஜி டாக்டர் யார் இருக்கிறார் என்று விசாரி. நோட்டில் ஹீமோகுளோபின் அடிமட்டத்திலும் ரெட்டிக்கும் வெள்ளை அணுவும் உச்சியிலும் இருக்கும் பிள்ளைகளை முதல் வண்டியில் ஏற்று. இதற்குத்தான் ரத்தக் கணக்கு பயன்படும்: யாரை முதலில் அனுப்புவது என்று வரிசை போட. தீர்ப்பு சொல்ல அல்ல. நோட்டில் நன்றாகத் தெரியும் பிள்ளையையும் அடுத்த வண்டியில் கட்டாயம் அனுப்பு; நல்ல எண் வைத்துக்கொண்டே 200-ஐத் தாண்டும் பிள்ளை இருக்கத்தான் செய்யும்.

கடைசியாக, மாத்திரை. நீ புரதச் சோதனைக்கு வைத்திருந்த பணத்தை இங்கே போடு. 200 தாண்டினால் மாதாமாதம் ரத்தம் ஏற்றுவதுதான் முதல் வழி. உன் ஊரில் பொருந்தும் ரத்தம், ஏறும் இரும்புச் சத்தை இறக்கும் மருந்து, மாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் அப்பா என்று எல்லாம் ஒன்றுசேர வேண்டும். நடுவில் நிறுத்தவும் முடியாது. ‘ஸ்டாப் 2’ ஆய்வில் நிறுத்திய பிள்ளைகளில் பலருக்கு வேகம் திரும்ப ஏறிவிட்டது. ஒரு வருஷமாவது ரத்தம் ஏற்றிய, குழாய் மோசமாகக் குறுகாத பிள்ளைகளை ஹைட்ராக்ஸியூரியா மாத்திரைக்கு மாற்றலாம் என்று 2016-ல் ‘ட்விட்ச்’ ஆய்வு காட்டியது. ரத்தமே கிடைக்காத நைஜீரியாவில் கானோ பக்கத்து டாக்டர்கள் முதலிலிருந்தே அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம், 20 மில்லிகிராம் என்று இரண்டு அளவு. பக்கவாதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலுமே, ஒன்றும் கொடுக்காமல் விட்டால் வந்திருக்கக்கூடியதைவிட மிகக் குறைவு. ரத்தம் ஏற்ற வழியில்லாத இடத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராமாவது கொடு என்று அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும் சொல்கிறது. ஆனால் ஏற்கெனவே பக்கவாதம் வந்துவிட்ட பிள்ளைக்கு இதை வைத்துச் சமாளிக்கப் பார்க்காதே. அவர்களுக்கு ரத்தம்தான், எப்பாடுபட்டாவது பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு.

மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கவும் அதே சிபிசி போதும். ஒழுங்காகச் சாப்பிடும் பிள்ளைக்கு எம்சிவி மெல்ல மெல்ல ஏறும். ஆல்ஃபா தலசீமியா உள்ள பிள்ளைக்குத் தொடக்கமே குறைவாக இருக்கும். அதனால் எண்ணைப் பார்க்காதே, ஏற்றத்தைப் பார். மூன்று மாதம் ஆகியும் அசையவில்லை என்றால், திட்டாதே. டப்பாவை எடுத்து வரச் சொல்லி எண்ணிப் பார். காப்ஸ்யூல் கீழே சிந்துகிறதா, பள்ளி விடுதியில் கொடுக்க ஆள் இல்லையா, இல்லை உடம்பு நன்றாக இருக்கிறதே எதற்கு என்று பாட்டி நிறுத்திவிட்டாளா என்று பார். காரணம் பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கும். வெள்ளை அணு ரொம்பவும் இறங்காமல் பார்த்துக்கொள்வதும் அந்தத் தாளில்தான்.

2023 ஜூலையில் ஷாதோலில் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் திட்டத்தில் 7 கோடிப் பேரைச் சோதித்துக் கார்டு கொடுப்பது என்று இலக்கு வைத்தார்கள். கார்டு கையில் வந்ததும் வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். கார்டில் எஸ்எஸ் என்று எழுதிய அன்றுதான் உன் நோட்டின் முதல் வரி தொடங்குகிறது. இதை உன் பெரிய டாக்டரிடம் பக்குவமாகச் சொல்.

அம்மாமார்களிடம் எண் எதுவும் சொல்லாதே. வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, வழக்கத்தைவிட மோசமான தலைவலி வந்தாலோ எண்ணெய் தேய்த்துப் பார்க்காமல் அந்த நேரமே வண்டி பிடித்து வரச் சொல். சற்று நேரத்தில் சரியாகிவிட்டாலும் வரச் சொல்; அதைத்தான் அவர்கள் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். ஊருக்கு ஒரு சுகாதாரப் பணியாளரிடம் ஆம்புலன்ஸ் நம்பரும் உன் நம்பரும் இருக்கட்டும்.

ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுகிறாய் என்பது தெரிகிறது. நல்ல ஆசை, விட்டுவிடாதே. நீலகிரிப் பிள்ளைகளின் டிசிடி வேகமும் நலமாய் இருக்கும் நாளில் எடுத்த ரத்தக் கணக்கும் ஐந்து வருஷம் ஒரே நோட்டில் இருந்தால், அதுவே எந்தப் புதுப் புரதத்தையும்விடப் பெரிய ஆராய்ச்சி. அப்போது புரதத்தையும் சேர்த்து அளக்கலாம்; ஒப்பிட்டுப் பார்க்க உன்னிடம் ஏதாவது இருக்கும். நெறிமுறைக் குழு அனுமதி, பெற்றோர் சம்மதம் எல்லாம் அவர்கள் பேசும் மொழியில் வாங்கு. நானும் உட்கார்ந்து உதவுகிறேன்.

அக்காவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதை நிறுத்தச் சொன்னேன், கேட்டிருக்க மாட்டாள். அத்தானிடம் சர்க்கரை மாத்திரையை விடவேண்டாம் என்று சொல். நீ வேளைக்குச் சாப்பிடு. மேகியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதே.

முதல் பத்துப் பிள்ளைகளின் பக்கத்தை எழுதியதும், பெயரை மறைத்துப் படம் பிடித்து அனுப்பு. யாரை முதல் வண்டியில் ஏற்றலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
சித்தி